கூடித் திட்டமிட வேண்டிய பள்ளிகள்: வல்லக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து

தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஆகஸ்ட் 1 கவலையோடு கழியும் நாள். அன்றைக்குப் பதிவேட்டில் இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பது முடிவாகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த கணக்குப்படி, முதல் ஐந்து வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 61 பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு போனால், மூன்றாவது ஆசிரியர் உபரி என்று கணக்காகிப் பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போக நேரலாம். மீதமிருக்கும் இருவர் ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஆசிரியர் இருக்க வேண்டும் என்ற நியாயமான நோக்கத்தில் வந்த கணக்கு இது. ஆனால் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளியை இது போட்டிக்காரனாக்கிவிடுகிறது. அங்கே சேரும் ஒவ்வொரு பிள்ளையும் இங்கே குறையும் ஒரு தலை. இந்த நிலையில் இரு பள்ளித் தலைமை ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு எது நல்லது என்று மனம்விட்டுப் பேசுவது எளிதில் நடக்காது. பள்ளிகள் கூட்டாகத் தலைமை ஏற்க வேண்டும், வருங்காலத்தை எண்ணித் திட்டமிட வேண்டும் என்று கல்வி மாநாடுகளில் நாம் நிறையப் பேசுகிறோம். பேச்சு இந்த ஆகஸ்ட் 1 கணக்கிலிருந்து தொடங்கினால்தான் அதற்குப் பொருள் உண்டு.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லக்கோட்டையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய முருகன் தலம். கிருத்திகைக்குக் கூட்டம் அலைமோதும் ஊர். அதே ஊரைச் சுற்றி ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று சிப்காட் தொழிற்பூங்காக்களும் ஆலைகளும் வரிசை கட்டி நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை, 2012இல் டைம்லரின் பாரத்பென்ஸ், 2013இல் ராயல் என்ஃபீல்ட் என்று அடுத்தடுத்து வந்தன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் ஒரே தலைமுறைக்குள் கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி செய்யும் இடமாகிவிட்டது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அந்தப் பஸ்களுக்கு இடையில்தான் பிள்ளைகள் சாலையைக் கடந்து பள்ளிக்குப் போகிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பள்ளிக்கு வரும் மாற்றம் எதுவும் அந்த ஊருக்குள் முடிவாவதில்லை. வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் கைப்பேசி ஆலையின் பெண் தொழிலாளர்களுக்காகச் சிப்காட் கட்டிய 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை ஒரே வளாகத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. விடுதியில் தங்குபவர்களில் பெரும்பாலோர் மணமாகாத இளம்பெண்கள் என்பதால் பள்ளிச் சேர்க்கையில் உடனே எதுவும் தெரியாது. சேர்க்கையை மாற்றுவது ஊருக்குள் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகள். கட்டட வேலைக்கும் ஒப்பந்த வேலைக்கும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாமிலிருந்து குடும்பத்தோடு வருபவர்கள் அங்கேதான் குடியிருக்கிறார்கள். விடுதியில் இருக்கும் பெண்களில் சிலர் நாளை மணமாகி இங்கேயே தங்கினால், அவர்களுடைய பிள்ளைகள் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து இதே பள்ளிகளுக்குத்தான் வருவார்கள். இன்றே தெரிந்த இந்தச் செய்தியைக் கணக்கில் எடுக்கும் திட்டம் எந்தப் பள்ளியின் கையில் இருக்கிறது?

மாற்றம் வளர்ச்சியாக மட்டும் வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. இன்னொரு பக்கம், 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத் திட்டத்தால் ஏகனாபுரம் போன்ற ஊர்கள், ஊர் இருக்குமா என்ற கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கின்றன. ஊரே கேள்விக்குள்ளாகும்போது அந்த ஊர்ப் பள்ளி மூன்றாண்டுத் திட்டம் எழுதி என்ன செய்யும்?

ஆனாலும் எழுதத்தான் வேண்டும், சட்டம் அப்படி. கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுவும் பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. மாதிரி விதிகளின்படி அது மூன்றாண்டுத் திட்டம். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் வெகுநாள் காகிதத்தில் கிடந்தன. 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டி, அதன்பின் குழுக்களை மறுகட்டமைத்து, தாய் ஒருவரைத் தலைவராக்கியது அரசு இயந்திரம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அதற்குப் பின் பல ஊர்களில் கூட்டங்கள் ஒழுங்காக நடக்கின்றன, தீர்மானங்கள் எழுதப்படுகின்றன. குறை அந்தத் தீர்மானங்களில் இல்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் மதில் சுவருக்குள் இருப்பதை மட்டும் எழுதுகிறது. கழிப்பறை, சுற்றுச்சுவர், ஸ்மார்ட் வகுப்பு. சாலையைக் கடக்கும் ஆபத்து, இந்தி மட்டும் பேசும் பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்கும் ஆள், எட்டாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போகப் பேருந்து, இவை எந்த ஒரு பள்ளியின் திட்டத்திலும் அடங்குவதில்லை.

பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவைக் கவனித்தால் இது கண்ணுக்குத் தெரியும். ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் அதன் பெயர் பள்ளிப் பட்டியலிலிருந்து காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குப் போகிறது. வேறொரு பள்ளி அந்தப் பிள்ளையை அங்கிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. யாரும் எடுக்காவிட்டால் அந்தப் பெயர் அங்கேயே நிற்கும். இடம்பெயரும் தொழிலாளர் நிறைந்த வட்டாரத்தில் இந்தப் பட்டியல் வெறும் நிர்வாக விவரம் அன்று. எந்த மாதத்தில் பிள்ளைகள் வருகிறார்கள், எப்போது போகிறார்கள், எந்த வகுப்போடு காணாமல் போகிறார்கள் என்பதையெல்லாம் அது சொல்லும். ஒரு பள்ளியின் பட்டியலில் இரண்டு மூன்று பெயர்கள் என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. பத்துப் பன்னிரண்டு பள்ளிகளின் பட்டியலை ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒரு வட்டாரத்தின் போக்குவரத்தே அதில் தெரியும். பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

பள்ளிகளைத் தனித்தனியாக விடாமல் வட்டாரமாகச் சேர்த்துத் திட்டமிடுவது வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய சரக்கு என்று நினைப்பவர்கள் கடம்பத்தூருக்குப் போக வேண்டும். ஸ்ரீபெரும்புதூருக்கு வடக்கே, இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் ஊர் அது. அன்று கடம்பத்தூரும் வல்லக்கோட்டையும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். 1958 ஜனவரி 20 அன்று அங்கே நடந்ததுதான் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. நடத்தியவர் அப்போதைய பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. அவரும் இந்த மண்ணின் பிள்ளை. காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912இல் பிறந்தவர்.

மாநாடு என்றதும் மேடைப் பேச்சு என்று எண்ண வேண்டாம். அதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். வட்டாரத்தில் உள்ள பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் என்ன தேவை என்று ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் ஊராரோடு சேர்ந்து பட்டியல் எடுப்பார்கள். கட்டடம், நிலம், பெஞ்சு என்று பெரியவையும் இருக்கும். கடிகாரம், வரைபடம், தண்ணீர்ப் பானை என்று சின்னவையும் இருக்கும். இந்தத் தேவைகளை மறைக்காமல் எல்லா ஊரார் முன்னிலையிலும் வைப்பார்கள். எது யாரால் முடியும் என்று ஊர்கள் பொறுப்பேற்கும். ஒரு ஊர் தன் பள்ளிக்குச் செய்வதை அடுத்த ஊர் பார்க்கும். போட்டி அங்கேயும் உண்டு, ஆனால் கொடுப்பதில் போட்டி. சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் மாநிலமெங்கும் நடந்தன. காமராஜரே பலவற்றுக்கு நேரில் போனார். அதே காலத்தில் விரிவடைந்த மதிய உணவுத் திட்டமும் அரசின் பங்கோடு ஊரார் பங்கும் சேர்ந்தே நடந்தது.

அந்த இயக்கத்தில் என்னை ஈர்ப்பது நன்கொடை இல்லை. நன்கொடையை நம்பிப் பள்ளி நடத்துவது அரசு தன் கடமையைத் தட்டிக் கழிப்பதில் முடியக்கூடும். வசதியான ஊருக்கு வசதியான பள்ளி, ஏழை ஊருக்கு ஓட்டைப் பள்ளி என்ற நிலையும் வரலாம். அன்றைக்கும் அந்தக் குறை இருந்திருக்கும். என்னை ஈர்ப்பது வேறு. தேவைகளைக் கண்டறிந்தவர்கள் பள்ளியோடு அன்றாடம் புழங்கியவர்கள். ஒரு பள்ளியின் குறையைப் பல ஊர்கள் சேர்ந்து கேட்டன. இயக்குநர் உத்தரவு போடும் இடத்தில் நிற்காமல் கூட்டி வைக்கும் இடத்தில் நின்றார். கூட்டுத் தலைமை என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

கடம்பத்தூருக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1966இல் டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு பள்ளித் தொகுதி என்ற யோசனையை முன்வைத்தது. ஓர் உயர்நிலைப் பள்ளியும் அதைச் சுற்றியுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளும் ஒரு தொகுதி; தலைமை ஆசிரியர்கள் சேர்ந்து குழுவாகத் திட்டமிடுவார்கள்; தனியாக ஒரு சிறு பள்ளி வாங்க முடியாத கருவிகளையும் நூல்களையும் தொகுதி வைத்திருந்து சுற்றுக்கு விடும். பள்ளிகள் ஒன்றையொன்று அறியாமல் தனித்துக் கிடப்பதை உடைப்பதே அதன் நோக்கம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இதே யோசனையை எடுத்துக்கொண்டு, ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள பள்ளிகளையும் அங்கன்வாடிகளையும் தொகுதியாக்கச் சொல்கிறது. கோத்தாரி சொன்னது செயலுக்கு வரவில்லை என்று அந்தக் கொள்கையே ஒப்புக்கொள்கிறது.

ஏன் வரவில்லை? ஆசிரியர்களும் பெற்றோரும் அச்சப்படுவதற்குக் காரணம் உண்டு. ராஜஸ்தானில் 2014இல் ஆயிரக்கணக்கான சிறு பள்ளிகள் பக்கத்துப் பள்ளிகளோடு இணைக்கப்பட்டன. தொகுதி என்று இன்று சொல்வது நாளை இணைப்பு, மறுநாள் மூடல் என்றாகிவிடும் என்று மக்கள் நினைப்பதில் தவறில்லை. சாதி பிரித்துக் கட்டிய தெருக்கள் உள்ள கிராமத்தில், ஊர்ப் பள்ளி மூடப்பட்டால் முதலில் நின்றுபோவது யாருடைய பிள்ளை என்பதை விளக்கத் தேவையில்லை. நம் மாநிலத்தில் 2019இல் மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் சுற்றியுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை மேற்பார்வையிடலாம் என்று உத்தரவு வந்தபோது தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அதற்கு முந்தைய ஆண்டில் தொடக்கக் கல்வி நிர்வாகம் முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ் கொண்டுவரப்பட்டிருந்தது. 2022இல் அது மறுபடி மாற்றப்பட்டுத் தொடக்கக் கல்விக்குத் தனி மாவட்டக் கல்வி அலுவலர்கள் வந்தார்கள். ஏறத்தாழ நான்காண்டில் போய்த் திரும்பிய பயணம் இது. இலங்கையிலும் 1981இன் கல்வி வெள்ளை அறிக்கை கொத்தணிப் பாடசாலை முறையை முன்மொழிந்தபோது எதிர்ப்பு எழுந்தது.

இந்த எதிர்ப்புகளைச் சங்கப் பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. ஒரு தலைமை ஆசிரியருக்கு மேல் இன்னொரு தலைமை ஆசிரியரை உட்கார வைத்தால் அது கூட்டுத் தலைமை ஆகாது. ஏணியில் இன்னொரு படி, அவ்வளவே. முதல் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் கலையில் மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரைவிட இருபதாண்டு அனுபவமுள்ள ஒன்றியப் பள்ளி ஆசிரியைக்கு அதிகம் தெரியும். அவரை மேற்பார்வையிட வந்தவர் என்ன சொல்லித் தருவார்?

மாற்று வழியும் இங்கேயே நடந்திருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷி வேலி பள்ளி முறையைப் பார்த்து வர மாநகராட்சி ஆசிரியர்களை அனுப்பினார். திரும்பி வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கேற்றபடி கற்றல் அட்டைகளைத் தாங்களே உருவாக்கி, 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். தலைமை அட்டை எழுதிய ஆசிரியர்களிடம் இருந்தது. ஆணையர் வழியை அடைக்காமல் பார்த்துக்கொண்டார். 2007இல் அது மாநிலமெங்கும் உத்தரவாகப் போனபோது, அட்டை எழுதாத ஆசிரியர்களுக்கு அது மேலிருந்து வந்த இன்னொரு வேலையாகத் தெரிந்தது. பதின்மூன்று பள்ளிகளில் இருந்த உயிர் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒரே மாதிரி இருக்கவில்லை. லண்டனில் 2003இல் தொடங்கிய லண்டன் சேலஞ்ச் திட்டத்தில், ஒத்த நிலையில் உள்ள மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் குடும்பங்களாக வகுத்து, ஒன்றின் விவரத்தை மற்றொன்று பார்க்கவும் கேட்கவும் வைத்தார்கள். அங்கும் இங்கும் வேலை செய்தது ஒன்றுதான்: பக்கத்துப் பள்ளி ஆசிரியர் சக தொழிலாளியாக வந்து உதவியது.

வல்லக்கோட்டை வட்டாரத்துக்கு வருவோம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இன்று அங்கே நடப்பது பெரும்பாலும் பயிற்சிக் கூட்டம். மேலே தயாரான பாடத்தை ஆசிரியர்கள் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் திரும்புகிறார்கள். அதே கூட்டத்தில் பாதி நேரத்தைப் பள்ளிகளின் கையில் கொடுத்தால் போதும். தலைமைப் பொறுப்பு ஆண்டுக்கொரு பள்ளியாகச் சுற்றி வரட்டும், தொடக்கப் பள்ளிக்கும் சேர்த்து. ஒவ்வொரு பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவியும் அதில் உட்காரட்டும். தொகுதியில் சேர்வதால் எந்தப் பள்ளியும் மூடப்படாது என்று அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும். இது இல்லாமல் மற்ற எதுவும் நகராது.

அடுத்தது ஆசிரியர் கணக்கு. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கட்டும். அதில் கை வைக்கக் கூடாது. உபரி என்று வரும் ஆசிரியரை மாவட்டத்தின் மறுகோடிக்கு அனுப்புவதற்கு முன், அந்தத் தொகுதிக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கலாம். ஆண்டு நடுவில் பிள்ளைகள் வந்து சேரும் வட்டாரத்தில் ஆகஸ்ட் 1இல் உபரியானவர் டிசம்பரில் தேவைப்படுவார். புதிதாக வந்த பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதை அவருடைய வேலையாக்கலாம். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் கட்டாயம். ஆனால் நான்காம் வகுப்பில் வந்து சேரும் பீகார்ப் பிள்ளைக்கு முதல் எழுத்திலிருந்து சொல்லித் தர வகுப்பாசிரியருக்கு நேரம் கிடைப்பதில்லை. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஒடியாப் பாடநூல்களைத் தருவித்து வேலையிடத்திலேயே பள்ளி நடத்திய அனுபவம் நமக்கு உண்டு. அதை இந்தத் தொழிற்பேட்டைக்கேற்ப மாற்றிக்கொள்வது முடியாத காரியமில்லை.

பணம்? 2024–25ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தராமல் நிறுத்தி வைத்தபோது, அடிபட்டவற்றில் வள மையங்கள் போன்ற வட்டார வேலைகளும் உண்டு. தேசியக் கல்விக் கொள்கை பற்றிய சண்டையில் பிள்ளைகளின் பணத்தைப் பிடித்துவைப்பது அநியாயம். அது ஒரு பக்கம் இருக்க, நாட்டின் பெரிய ஆலைகள் இத்தனை நெருக்கமாக நிற்கும் இடம் இது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இன்றைக்கு அந்தப் பணம் சாலையோரத்தில் கண்ணில் படும் பள்ளிக்குப் பெயிண்டாகவும் பெயர்ப்பலகையாகவும் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். உள்ளே தள்ளியிருக்கும் பள்ளிக்கு எதுவும் வராது. தொகுதி தன் தேவைப் பட்டியலைக் கடம்பத்தூர் பாணியில் வெளிப்படையாக வைத்தால், கம்பெனி எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யும் நிலை மாறி, எது தேவை என்று பள்ளிகள் சொல்லும் நிலை வரும். பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி அமைப்பின் வழியாகவே இதைச் செய்யலாம்.

கம்பெனிகளிடமிருந்து பணத்தைவிட முக்கியமான ஒன்றைக் கேட்க வேண்டும்: தகவல். எந்த ஆண்டில் எத்தனை பேரை எடுக்கப் போகிறார்கள், குடும்பக் குடியிருப்பு வருமா, எந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கப் போகிறார்கள். நிலம் ஒதுக்கும்போதே சிப்காட் இந்த விவரத்தைக் கல்வித் துறைக்கு ஆண்டுதோறும் தர ஏற்பாடு வேண்டும். ஒரகடம் அரசு ஐடிஐ 2023இல் தொழில் 4.0 மையமாக மேம்படுத்தப்பட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கூடத்துக்குப் போய் அங்கே நடக்கும் வேலையைக் கண்ணால் பார்த்துவர ஒரு பேருந்தும் ஒரு நாளும் போதும். ஆனால் பிள்ளைகளை இந்த ஆலைகளுக்கான ஆட்களாக மட்டும் வளர்ப்பதை எதிர்காலத் திட்டம் என்று சொல்லக் கூடாது. நோக்கியாவை நினைவில் வைத்திருக்கும் மண் இது. இன்று முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளை வேலைக்குப் போகும் 2040 வாக்கில் இங்கே எந்த ஆலை இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாசிப்பும் கணக்கும் ஆய்வகமும் விளையாட்டுத் திடலும்தான் எந்தக் காலத்துக்கும் உதவும் தயாரிப்பு.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பின், இந்தத் தொழிற்பாதை இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரத்தில், சிங்கப்பெருமாள் கோவிலும் மறைமலை நகரும் செங்கல்பட்டில். தொழிலாளி குடும்பம் மாவட்ட எல்லை பார்த்து வீடு மாறுவதில்லை. இரு மாவட்ட ஆட்சியர்களும் முதன்மைக் கல்வி அலுவலர்களும் ஆண்டுக்கு இரு முறையாவது இந்தப் பாதையின் பள்ளிகளுக்காக மட்டும் கூடிப் பேச வேண்டும்.

எல்லாவற்றையும் அரசாணைக்குக் காத்திருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. இந்த வட்டாரத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குப் பக்கத்துப் பள்ளிக் குழுவின் தலைவியையும் தலைமை ஆசிரியரையும் அழையுங்கள். இரு பள்ளிகளின் தேவைப் பட்டியலையும், இந்த ஆண்டு வந்த பிள்ளைகள், போன பிள்ளைகள் பட்டியலையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள். இரு பள்ளிக்கும் பொதுவான தேவைகளைத் தனியாக எழுதி, ஒரே தீர்மானமாக இரு குழுக்களும் கையெழுத்திட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஊராட்சிக்கும் அனுப்புங்கள். அதற்கு எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை.